அக்கா இடத்துக்குத் தங்கச்சி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அதை எழுதக் கை கூசுகிறது. நேராகவே தொடங்கிவிடுகிறேன்.

உங்கள் அக்கா வேலை பார்த்த சலவைக்கடைக்காரரின் மகள் நான். பத்தாவது படிக்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் உங்கள் அகதி முகாமுக்கு அனுப்பிய பார்சல்களின் மேல் இருந்த எழுத்து என்னுடையதுதான். “உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கு, நீ எழுதினாத்தான் ஒழுங்காப் போய்ச் சேரும்” என்பார். எழுதி எழுதி உங்கள் முகவரி மனப்பாடம் ஆகிவிட்டது. போன் நம்பர் அப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் கடைக்கு வேலைக்கு வருகிறீர்கள். நேற்று அப்பா ஆள் அனுப்பும் ஏஜென்டிடம் பேசியது மாடிவரை கேட்டது. “அக்கா இடத்துக்குத் தங்கச்சி. நல்லதாப் போச்சுய்யா, குடும்பத்துக்கே தொழில் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என் அப்பாவின் சிரிப்பைக் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டது அதுதான் முதல்முறை.

அக்கா, அந்த அறையில் நீங்கள் படுக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். காரணத்தைச் சொல்ல இரண்டு மூன்று பக்கம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே அறிவியல் நோட்டை விரித்து வைத்திருக்கிறேன். அம்மா எழுந்து வந்தால் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். அவர் இருமல் சத்தம் கேட்டாலே பேனா நின்றுவிடுகிறது.

கடையின் பின்புறம் பாய்லரை ஒட்டி ஒரு அறை இருக்கிறது. பாய்லர் என்றால் கேஸில் எரியும் பெரிய வெந்நீர்த் தொட்டி. ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளை அந்தத் தண்ணீரில்தான் வெளுப்பார்கள். குளிர் அதிகமான நாட்களில் இரவு முழுக்க எரியும். அதன் சூடு நடுச்சுவர் இடைவெளி வழியாக அறைக்குள் வரும். உங்கள் அக்காவும் இன்னொருவரும் அந்த அறையில்தான் தங்கியிருந்தார்கள். உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, பின்னால் இருக்கும் சந்துப் பக்கமாக.

குளிர் தொடங்கும் முன்பு தெருக்காரர்கள் நாலைந்து பேர் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். “ஓடிவந்ததுங்களை வேலைக்கு வெச்சிருக்கீங்க, அது உங்க பெரிய மனசு. ஆனா வயசுப் பொண்ணுங்க படுக்கிற இடத்துல சந்துப் பக்கம் ஜன்னல் எதுக்கு? எங்க வீட்டுப் பசங்க நல்லா இருக்கணுமா வேணாமா?” என்று கேட்டார். உயிருக்குப் பயந்து ஓடிவந்தாலும் எங்கள் தெருவில் அதே சொல்தான், எவனோடோ ஓடிவந்தாலும் அதே சொல்தான். மருந்துக்கடைக்காரர் அதை மிட்டாய் மாதிரிச் சப்பிச் சப்பிச் சொல்வார்.

அன்று மாலையே அப்பா செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். உங்கள் அக்கா, “காத்துக்கு என்னங்க பண்றது முதலாளி?” என்று கேட்டார். “மானத்தைவிடக் காத்து பெருசா?” என்றார் அப்பா. வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஏதோ பெரிய நீதி சொன்னதுபோல.

உங்கள் அக்காவை நான் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. ‘எக்ஸ்’ என்றாலே அழுகை வரும். அவர்தான், “எக்ஸ்ங்கறது இன்னும் வந்து சேராத விருந்தாளிடி. அவருக்கு ஒரு இடத்தை விட்டுவெச்சிட்டு மத்தவங்களை உக்காரவை, கடைசியில தானா வந்து உக்காருவாரு” என்று சொல்லிக்கொடுத்தார். விரிப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மடித்து மடித்து எதிரெதிரே நடந்து வந்தே வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பார். தப்பாகச் சொன்னால் மூக்கோடு மூக்கு இடிப்பார். உங்களை ‘எங்க குட்டி’ என்றுதான் சொல்வார். “எங்க குட்டிக்கு என்னைவிட மூளை அதிகம், வாயும் அதிகம்” என்பார்.

ஜன்னலை அடைத்தபிறகு இரண்டு பேருக்கும் தலைவலி வர ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலை சுற்றும், வாந்தி வரும். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போது சரியாகிவிடும். மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை கேட்டார்கள். வயசுப்பெண் வாந்தி என்று வாயைத் திறந்தால் இந்தத் தெருவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரணம்தான். ஒருநாள் நான் பஞ்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன். கணக்கக்கா மாத்திரை வாங்கிக்கொண்டு படி இறங்குவதற்குள் மருந்துக்கடைக்காரர் அங்கே இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்து, “எத்தனாவது மாசம்னு கேட்டிருக்கலாம், கூச்சமாப் போச்சு” என்றார். கணக்கக்காவின் முதுகு ஒரு கணம் நின்றது. பிறகு நடந்துவிட்டார். அவருடைய காதில் விழவேண்டும் என்றுதான் அந்த ஆள் அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

முதலில் போனது பாட்டுக்கார அக்கா. எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரி போடுவார். கணக்கக்கா உங்களைப் பார்க்க முகாமுக்கு வந்திருந்த அன்று தனியாகப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. “கலைக்கப் பாத்திருப்பா, எசகுபிசகாப் போயிருக்கும்” என்று மருந்துக்கடைக்காரர் ஊருக்கெல்லாம் சொன்னார். தன்னிடம் மாத்திரை வாங்கியதே அதற்குச் சாட்சி என்றார். அது தலைவலி மாத்திரை என்று அவருக்குத் தெரியாதா, அக்கா? எடுத்துக் கொடுத்ததே அவர்தானே.

அப்புறம் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரு சாவுக்கு வெளியூர் போயிருந்தார்கள். மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. நான் கீழே போய்க் கணக்கக்காவோடு படித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டேன். அறை விளக்கு மங்கல் என்பதால், கடை விளக்கைப் போட்டு, எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். மற்ற நாட்களில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தான் படுப்பார்கள். தெருவில் பேசுகிற பேச்சுக்குப் பயந்து, கதவிடுக்கில்கூடத் துணியைச் சுருட்டி அடைப்பார்கள். கதவு திறந்திருந்தும் காலையில் எனக்குத் தலை பிளந்தது. அம்மா வந்து இறங்கியபோது நான் வாசல் குழாயடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பையைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் பையோடு மறுகையால் அறைந்தார். “யாருடி? சொல்லு, யாரு?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது இன்னொரு முறை வாந்தி வந்தது. அதற்குப் பிறகு எனக்கு விலக்கு ஆகும்வரை என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “முகாம் பொண்ணுங்களோட படுத்தேன்னு எவ கிட்டயாவது சொன்னே, நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன்” என்றார்.

போன மாதம் அந்தக் கடுங்குளிரில் கணக்கக்காவும், பாட்டுக்கார அக்காவின் இடத்துக்கு வந்த புது அக்காவும் ஒரே இரவில் போய்விட்டார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்டது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். இருவரும் தூங்குவதுபோல இருந்தார்கள். கன்னமும் உதடும் சிவந்திருந்தன. அதைப் பிடித்துக்கொண்டது ஊர். “ராத்திரி நேரத்துல உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு யாருக்காகக் காத்திருந்தாளுங்க?” என்று ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளைக் காதலித்தார்கள் என்றார்கள். வந்த ஆள் பாலில் விஷம் கலந்து கொடுத்தான் என்றார்கள். இல்லை, அவர்கள் உளவாளிகள், அவர்கள் ஆட்களே முடித்துவிட்டார்கள் என்று டி.வி.யில் ஒருவர் படத்தில் வட்டம் போட்டு விளக்கினார். என் வகுப்பில் ஒருத்தி, “உங்க கடை வெள்ளை விரிப்பெல்லாம் ராத்திரி தானா நடக்குதாமே” என்று கேட்டுவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தாள். போன் போனாக அவர்கள் படம் சுற்றுகிறது. உதட்டை மட்டும் பெரிதாக்கி ஒரு படம்.

கணக்கக்காவிடம் சாயம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சலவைச் சோடாவில் வெடித்த உதட்டுக்கு எண்ணெய் தடவுவார், அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது சாப்பிட்டாயா என்று கேட்காத வாய்கள், செத்தபிறகு அந்த உதட்டை விடமாட்டேன் என்கின்றன. எனக்கு இந்தத் தெருவில் மூச்சு விடவே அருவருப்பாக இருக்கிறது.

அப்பாவும் டி.வி.க்குப் பேசினார். இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, “வேலையில தங்கம். சொந்த விஷயத்துல நான் தலையிடுறதில்லை” என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது கொஞ்சம் தலையைக் குனிந்தார். பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

போன வாரம் எங்கள் அறிவியல் டீச்சர், மூடிய அறையில் கேஸோ கரியோ எரிந்தால் என்ன ஆகும் என்று பாடம் நடத்தினார். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு. மணமில்லை, நிறமில்லை. தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் வரும், அப்படியே போய்விடுவோம். “சில சமயம் தோல் சிவந்திருக்கும், தூங்குற மாதிரியே இருப்பாங்க” என்றார்.  எழுந்து, “உதடும் சிவக்குமா மேடம்?” என்று கேட்டேன். “சிவக்கும்” என்றார். “அப்போ எங்க கடையில இருந்த அக்காங்க...” என்று நான் இழுத்ததும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் முகம் சுளித்து, “அது வேற கதைம்மா. பாடத்தையும் அசிங்கத்தையும் போட்டுக் குழப்பாதே. உக்காரு” என்றார். கையில் புத்தகம் அதே பக்கத்தில் திறந்தே இருந்தது, அக்கா.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். பாய்லர், ஜன்னல், எல்லாம் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அவர் காய் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை. “அதனால? உங்கப்பாவை உள்ளே தள்ளணுமா?” என்றார். அக்கா, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. ஊர் பேசப் பேச அவர்களுக்கு நிம்மதி. உங்கள் அக்காவைப் பற்றி எவ்வளவு கேவலமாகப் பேசுகிறார்களோ, அவ்வளவுக்கு யாரும் அந்த அடைத்த சுவரைப் பார்க்கமாட்டார்கள். “வாயைத் திறந்தேன்னா நீ அங்க படுத்து வாந்தி எடுத்த கதையும் சேந்து வெளிய வரும். அப்புறம் உன் படத்தையும் போன்ல சுத்த விடுவானுங்க” என்றும் சொன்னார். அது பொய் இல்லை. மருந்துக்கடைக்காரரின் கண்ணடிப்பு எனக்காகவும் காத்திருக்கிறது. அதை நினைத்துத்தான் இத்தனை நாள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் அப்பா அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறார். “ஜன்னலைத் திறந்துடலாமேப்பா” என்று கேட்டேன். “அடைச்சதை இப்பத் திறந்தா, ஏன் திறந்தேன்னு கேப்பாங்க” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா கெட்டவர் என்று எழுத வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர் அவர். அப்படிப்பட்டவர்தான் உங்களுக்கு அந்த அறையில் பாயும் எடுத்து வைத்திருக்கிறார்.

வராதீர்கள் என்று எழுத நினைத்தேன். ஆனால் முகாமில் நீங்கள் என்ன நிலையில் இருக்கிறீர்கள் என்று கணக்கக்கா சொல்லியிருக்கிறார். வராமல் இருக்க முடியாது என்றால் நான் சொல்வதைக் கேளுங்கள். ஜன்னலைத் திறக்காமல் அங்கே தங்கமாட்டேன் என்று ஏஜென்டிடம் முகாமிலேயே சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை முகாம் அதிகாரியிடம் காட்டலாம். பத்திரிகைக்காரர் யாராவது வந்தால் காட்டலாம். யார் எழுதியது என்று கேட்டால், அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்து, காலையில் வாந்தி எடுத்த பெண், முதலாளியின் மகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று சொல்லுங்கள். என் வாந்திக்கு எந்தக் காதலும் காரணமில்லை என்று என்னை நிற்கவைத்துக் கேட்டாலும் சொல்வேன். சொல்லும்போது அழுதுவிடுவேன். இருந்தாலும் சொல்வேன்.

எதுவுமே நடக்காமல் நீங்கள் அந்த அறைக்குள் வந்துவிட்டால், தலை லேசாக வலித்தாலும் படுக்காதீர்கள். எழுந்து வெளியே வந்துவிடுங்கள். எழுந்து நிற்க முடியாவிட்டால் தவழ்ந்து வாருங்கள். கதவைத் திறந்துபோட்டுத் தூங்குங்கள். கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாள் பார் என்பார்கள், யாருக்காகத் திறந்து வைத்தாள் என்பார்கள். பேசட்டும். அதைக் கேட்க நீங்கள் இருக்க வேண்டும்.

வாழ்த்த எனக்கு வயதில்லை. ஆனாலும், கணக்கக்கா இடத்தில் இருந்து சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேச்சு வாங்கினாலும் வாங்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் வாய்க்கு வாய் பதில் கொடுத்துக்கொண்டு, நூறு வயது வரை இருங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்களுக்கும் தங்கையாக வேண்டியவள்