பழுப்புப் போத்தல்

நோரிஸ் ரோடு, சிங்கப்பூர்
12.2.1967

அன்புள்ள பிரிஜட்,

லண்டன் குளிரில் விரல் விறைத்துவிட்டதா, அல்லது நர்ஸ் தொப்பி ஏறியதும் பள்ளித் தோழி மறந்துபோனாளா? போன கடிதத்துக்கே பதில் இல்லை.

பிள்ளைக்காகப் பார்க்கும் டாக்டரம்மா, ஹார்மோன் அளவு தெரிய வேண்டும் என்று ஒரு பழுப்புப் போத்தலைக் கொடுத்தார். ஒரு நாள் போகும் சிறுநீரை அதில் பிடிக்க வேண்டுமாம். எங்கள் கடைவீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் பின்கட்டில் ஒரே கக்கூஸ். வழியெல்லாம் கீழே இருக்கும் அப்துல் கையூம் கடைத் தையல்காரர்கள். அவர்கள் முன்னால் போத்தலை ஏந்திக்கொண்டு நடக்கவா? ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் எடுத்துப் போனேன். பாதிகூட நிறையவில்லை. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

முடிவுதான் சிரிக்கிற மாதிரி இல்லை. அளவு மிகக் குறைவாம். சினைப்பை ஓய்ந்துவிட்டது, கருமுட்டைக்கு வலுவில்லை, புதிதாக வந்திருக்கும் மாத்திரையும் பயன்படாது என்கிறார். இவர் ஜூரோங் ஆலையிலிருந்து வந்ததும் சொன்னேன். “விடு லா, நாம ரெண்டு பேரே போதும்” என்றார். பிறகு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பிள்ளை என்றால் அவருக்கு உயிர். நான் விலகிக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது. நீ மருத்துவம் தெரிந்தவள். ஒரு வார்த்தை எழுது.

உன்
சிவகாமசுந்தரி


லண்டன்
3.9.1967

என் அன்புச் சிவகாமி,

பரீட்சை முடியட்டும் என்று உன் கடிதத்தைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டுவைத்தேன். பிறகு மறந்தே போனேன். நேற்றுதான் படித்தேன். நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

முதலில் இதைக் கேள். அந்தச் சோதனைக்கு நாள் முழுதும் போவதில் ஒரு சொட்டும் விடக்கூடாது. பாதியைக் கொடுத்தால் பாதி ஹார்மோன்தான் கணக்கில் வரும். உன் சினைப்பைக்கு ஒன்றுமே இல்லாமலிருக்கலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, மறுபடி சோதிக்கச் சொல். என் அக்கா அன்னம்மா வீட்டில் தனிக் கக்கூஸ் இருக்கிறது. ஒரு நாள் அங்கே தங்கிக்கொள். உன் வீட்டுக்காரரிடம் விலகுகிற பேச்சை மட்டும் எடுத்துவிடாதே. பூசையில் உனக்காக மன்றாடுகிறேன்.

உன்
பிரிஜட்


நோரிஸ் ரோடு
20.11.1967

பிரிஜட்,

அன்னம்மா அக்கா வீட்டில் தங்கி முழுதாகப் பிடித்துக் கொடுத்தேன். இந்த முறை அளவு சரியாக இருக்கிறது. சினைப்பை நன்றாக வேலை செய்கிறதாம். முதல் தடவை நடந்ததைச் சொன்னபோது டாக்டரம்மா பழைய முடிவைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

உன் பதிலுக்காகச் சித்திரை வரை பார்த்தேன். பிறகு நானேதான் அவரிடம் வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் அழுதார், கடைசியில் கப்பலேறினார். ஆவணி பிறந்ததும் ஊரில் கல்யாணம் முடிந்தது. உன் கடிதம் வந்தபோது ஜூரோங்கில் அவர்கள் குடித்தனம் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் நல்ல மாதிரி என்கிறார்கள். இனிப் போய் நான் என்ன சொல்ல முடியும்?

உன்மேல் வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வருத்தம் இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகமாக இருக்கிறது. கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

அவர் போன விஷயம் டாக்டரம்மாவுக்குத் தெரியாது. சிகிச்சையைத் தொடங்கலாம், அடுத்த வாரம் கணவரை அழைத்துக்கொண்டு வா என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சிவகாமசுந்தரி