பகலில் படுப்பவர்கள்

மச்சாள்,

இன்று நாங்கள் கட்டும் கட்டடத்தைப் பார்க்கப் போனபோது வாசலில் செம்மஞ்சள் காதடைப்பான் ஒரு சோடி தந்தார்கள். ஒன்றைக் காதில் வைத்தேன். மற்றதை வைக்கக் கை வரவில்லை. நீங்கள் மறைந்து ஒரு பனிக்காலம் போன பிறகும் என் கண்முன்னால் வந்து நின்றுவிட்டீர்கள்.

சுவிஸ் பேர்ண் நகரில் உங்களோடும் அண்ணையோடும் தங்கிப் படித்த காலம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து, பகலில் யன்னலை மூடிப் படுப்பீர்கள். கீழே கடைக்குச் சாமான் இறக்க லொறி வரும். ஒரு காதில் மட்டும் அடைப்பான்; மற்றது குங்குமச் சிமிழுக்குள் கிடக்கும்.

"மற்றக் காது என்ன பாவம் செய்தது?" என்று பகிடி பண்ணினேன்.

"அது பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்துக்கு. காய்ச்சலெண்டு ரெலிபோன் வந்தால் ஆர் எடுக்கிறது, நீயோ?"

லொறி பின்னுக்கு வரும் பீப் சத்தத்தில் துடித்து எழும்புவீர்கள். "அறுவான், இப்பதானே கண்ணை மூடினனான்!" நகரசபையில் முறையிட்டீர்கள். "பகல்தானே" என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கட்டட அலுவலகத்தில் வரைபடம் கீறுவது என் வேலை. இந்தக் கட்டடத்தில் சாமான் இறக்கும் இடம் பின்பக்கம், சின்ன வீடுகளின் படுக்கையறைகளுக்கு நேர் கீழே. இரவில் லொறி வராது, பகல் இரைச்சல் சட்ட எல்லைக்குள் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. பகலில் படுப்பவர்களும் இருக்கிறார்கள், தெருப்பக்கம் மாற்றுவோம் என்று, கட்டத் தொடங்குமுன் நடந்த கூட்டத்தில் கேட்டேன். கடையின் முகப்புக் குறைந்துவிடுமாம். பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டு, "பகல்தானே" என்றார். அதே சொல், மச்சாள்! ஆனாலும் அவர்கள் சொன்னபடியே கீறிக் கொடுத்தேன்.

இன்று மாலை கோயிலுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும், எனக்குப் பழக்கமான பெண் ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் கீறின வீட்டிலை எனக்கு இடம் கிடைச்சிட்டுது! பின்பக்கமாம், ரோட்டுச் சத்தமே வராதாம். இனியாவது பகலிலை நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

லொறியைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் முகம் செத்துப்போனது.

"கையெழுத்து வைச்சிட்டனே அக்கா."

கைப்பைக்குள் கிடந்த அந்தச் சோடியைக் கொடுக்கலாமென்று எடுத்தேன். அப்போதுதான் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைக் கண்டேன். இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறாளாம்.

ஒன்றை மட்டும் கொடுத்தேன், மச்சாள். மற்றது என்னிடம் இருக்கிறது.