அண்ணன் பிரிக்காத தாள்

பேகம்பூர், திண்டுக்கல்
14-9-1984, வெள்ளிக்கிழமை

என் பிரியமுள்ள மச்சானுக்கு ஷரீஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமிக்கு மூட்டுவலி தணிந்திருக்கிறது. குழாயில் ஆத்தூர் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது. இதையெல்லாம் வீட்டுக் கடிதத்தில் உங்கள் அண்ணன் விவரமாக எழுதிவிட்டு, அடியில் எனக்கென்று இரண்டு வரி இடம் விட்டு, ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் நான் இதை முடிக்க வேண்டும்.

உங்கள் பாடத்துக்கு வருகிறேன். தம்மாம் ஆபீசில் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று, கடிதத்துக்குக் கடிதம் தனித் தாள் ஒன்றில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு வார்த்தைகளை எழுதி வித்தியாசம் கேட்கிறீர்கள். புதுப் பெண்டாட்டிக்கு டிக்ஷனரி வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிய ஆள் ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான். இந்தத் தடவை மென்டாசிட்டி, மென்டிசிட்டி. எங்கிருந்துதான் பிடிக்கிறீர்களோ! முதலாவது, பொய் பேசும் குணம். இரண்டாவது, கையேந்திப் பிழைப்பது.

வழக்கமாக இத்தோடு தாளை மடித்துவிடுவேன். நேற்றுதான் எனக்கு உறைத்தது. உங்கள் கடிதம் வந்தால் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டுவார். பாடத் தாள் வந்ததும், "இது அவுக ரெண்டு பேரு பாடம், நமக்கு ஏலாது, இந்தாம்மா" என்று பிரிக்காமலே என்னிடம் நீட்டிவிடுவார். நான் எழுதுவதையும் அப்படியேதான் கவருக்குள் வைக்கிறார். இந்த வீட்டில் யாரும் படிக்காத தாள் ஒன்று இரண்டு வருடமாக என் கையில் இருந்திருக்கிறது. அதில் அர்த்தம் மட்டும் எழுதி அனுப்பிய மண்டு நான். நீங்களும் லேசுப்பட்டவரா? கேள்வி மட்டும்தானே கேட்டீர்கள்!

முதல் வார்த்தைக்கு உதாரணம் தருகிறேன். நீங்கள் அனுப்பிய செருப்பு அளவாக இருக்கிறது என்று எழுதினேன். அது உங்கள் தங்கை காலில் இருக்கிறது. அத்தர் நல்ல வாசம் என்றேன். மூடியைத் திறந்தாலே எனக்குத் தலைவலி. பெருநாள் சந்தோஷமாகப் போனது என்றேன். அன்றைக்கு உங்களுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்துவிட்டு, மாமி பார்ப்பதற்குள் அடுப்படிக்கு ஓடினேன்.

பெரிய பொய் போன மாதம் எழுதியது. கம்பெனி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போடச் சொல்லி எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பேனா என் கைக்கு வந்தபோது கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கும் சம்மதம்" என்று எழுதினேன். எனக்குச் சம்மதமில்லை மச்சான். நாம் சேர்ந்திருந்தது நாற்பத்தைந்தே நாள். இப்போதெல்லாம் உங்கள் குரலை நினைத்துப் பார்த்தால், அண்ணன் படிக்கிற குரல்தான் கேட்கிறது. பயமாக இருக்கிறது.

இரண்டாவது வார்த்தைக்கு நானே உதாரணம். கையேந்திக் கேட்கிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தோல் மண்டியில் பழைய வேலைக்கே திரும்பினாலும் எனக்குக் குறையில்லை.

வீட்டுக் கடிதத்தின் அடியில் "நான் நலம்" என்றுதான் எழுதப்போகிறேன். அதை நம்பாதீர்கள். அல்லாஹ் உங்களை ஒரு நோவும் இல்லாமல் காப்பாற்றட்டும். அடுத்த பாடத் தாளில் இரண்டு வார்த்தை வேண்டாம். "வாரேன்" என்று ஒன்று மட்டும் எழுதுங்கள். அதற்கு நான் டிக்ஷனரி பார்க்க வேண்டியதில்லை.

உங்கள்
ஷரீஃபா