மீனெண்ணெய் பூசிய ஜீப்

மேலே போயும் என் பனியன் கறையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும் கமலத்துக்கு,

வண்டி பாஸாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பொறுக்காது.

நீ போனதிலிருந்து நம் பெண் உஷாவுக்கு இந்த ஜீப் கண்ணை உறுத்துகிறது. பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட வண்டி, அவளைவிட வயதில் மூத்தது, அப்பாவுக்கோ முழங்கால் மடங்கவில்லை, இனி எதற்கு என்று அவள் கேட்பதில் தப்பில்லை. ஓடத் தகுதியான வண்டி என்று சர்க்கார் கொடுக்கும் எஃப்.சி. இந்த வருஷம் கிடைக்காவிட்டால், சாலைக் கடைத்தெருவில் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். நானும் வீறாப்பாகச் சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மழை பிடித்தால் பொன்முடி மலைக்குப் பஸ் ஏறாது என்பது உனக்குத் தெரியும். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது காய்ச்சல் முற்றினாலும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தாலும், கீழே இறங்க நம் வண்டிதான். வலியசாலையில் பிறந்தவன் கோயில் வேலையும் பார்க்காமல் ஆபீஸ் வேலையும் பார்க்காமல் ஸ்டியரிங் வளையம் பிடிக்கப் போய்விட்டானே என்று தெருவே சிரித்தது. நீ ஒருத்திதான் என் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாய்.

டெஸ்டுக்கு முன்னால் டயர் மாற்ற வேண்டியிருந்தது. தம்பானூர்க் கடைக்காரர் ரொம்ப அகலமான டயரை உருட்டிக் காட்டினார். வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும் என்றார். உஷாவுக்கும் பிடித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அந்தக் கம்பீரத்துக்கு ஆசைப்பட்டவன்தானே? அப்போது நீ ஆற்றங்கரைச் சேற்றைக் காட்டிச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"ஏன்னா, அந்த வாத்தையும் கோழியையும் பாருங்கோ. வாத்து சேத்து மேலேயே மிதந்துண்டு போறது. கோழி கீறிண்டு போய் அடியிலே இருக்கற கல்லைப் பிடிச்சுக்கறது. மலை ஏற நமக்கு எது வேணும்?"

லயத்துப் பாதையில் மேலே ஒரு சாண் சேறு, கீழே பாறை. ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பாறையில் நிற்கும். அதற்காகக் கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டாள டயரும் வேண்டாம். அது மண்ணில் சூரன், நனைந்த தார் ரோட்டில் வளைவு வந்தால் காலை வாரிவிடும். ஆகையால் ஒல்லி உடம்பு, நடுத்தரப் பல், ஸ்டெப்னியும் சேர்த்து எல்லாம் ஒரே அளவு. தேய்ந்ததையும் புதியதையும் கலந்து போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது கியர்ப்பெட்டிதான் அவதிப்படும். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

டயர் என் கையில் இருந்தது. துரு என் கையில் இல்லையே கமலம்.

உன் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் உன்னைப் புகழ்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள். லயத்துப் பெண்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள், இரும்பு சில்லென்று இருக்கிறது என்று வண்டித் தளத்தில் கயிற்று விரிப்பு வாங்கிப் போட்டவள் நீ. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழையில் நனைந்த அந்த விரிப்பு வெயில் வந்தும் காயவில்லை, அடியில் இருந்த தகரத்தைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போது எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸின் கால் தளத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே போய்விட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு தப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் நீ விரிப்பைத் தூக்கி, அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். நான் சமாதானம் சொல்ல வந்தேன். உனக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை, இனி வராமல் இருக்க வழி வேண்டியிருந்தது.

தளத்துக்குப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. வண்டியையே தாங்குகிற சேஸிஸ் சட்டம் இருக்கிறதே, அது உள்ளே வெற்றிடம். அதற்குள் சேறு புகுந்து துரு பிடித்திருந்தது. கரமனை வர்க்‌ஷாப்பில் தாரைக் காய்ச்சிப் பூசச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒருமுறை பூசித்தான் இருந்தோம். சுரண்டிப் பார்த்தால் தாருக்கு அடியில் ஈரம் அடைபட்டு, துரு சுகமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அந்த வாரம் சங்குமுகத்துக்குப் போனோம். நான் கடலைப் பார்த்தேன், நீ கரையில் கிடந்த மீன்பிடி வள்ளங்களைப் பார்த்தாய். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற பலகைக்கும் ஆணிக்கும் என்ன பூசுகிறீர்கள் என்று அங்கே இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டு வந்து, மீனெண்ணெய் என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெங்காயத்துக்கே நாள் கிழமை பார்க்கிற வீட்டில் மீனெண்ணெயா?

டின் வந்து இறங்கிய அரைமணிக்குள் அடுத்த வீட்டு வைத்தி மாமா வாசலில் நின்றார். உத்சவம் நடக்கிற சமயம், சுவாமி புறப்பாடு வருகிற தெரு, இந்த நாற்றம் அடுக்குமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ பேசிவிட்டாய்.

"மாமா, நாத்தம் நாலு நாள்லே போயிடும். சட்டம் முறிஞ்சா வண்டியிலே உக்காந்திண்டிருக்கற மனுஷா போயிடுவா."

 தெருவில் மட்டும் வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார், நாமும் வண்டியைக் கரமனைக்கு, வர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குக் கொண்டுபோனோம். வர்க்‌ஷாப் ஆட்கள்தான் பூசினார்கள் என்று தெரு இன்றைக்கும் நம்புகிறது. அது உன் ஏற்பாடு. உஷாவுக்கு வரன் பார்க்கிற நேரம், நீ மீனெண்ணெயில் கை வைத்தது வெளியில் தெரிய வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தாய்.

சட்டத்தில் இருந்த துவாரத்தில் என் கை நுழையவில்லை. நீ வளையலைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாய், முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, துணியை எண்ணெயில் முக்கி முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாய். முதலில் குச்சியால் குத்தி அடைபட்ட சேற்றை எடுத்தாய், பிறகு மூலைமுடுக்கெல்லாம் தடவினாய். நெற்றியில் சொட்டிய எண்ணெயைத் துடைக்கக்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் நம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை, கமலம். அதை உன்னிடம் சொன்னேனா?

பிறகு வருஷா வருஷம் மேட மாதத்துச் சித்திரை வெயிலில், இடவப்பாதி மழைக்கு முன்னால், அந்த வேலையை நீ விட்டதே இல்லை. நீ போன பிறகு நான் பம்பு வைத்துப் பீய்ச்சினேன். எல்லா இடத்துக்கும் போயிற்றா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்தப் பயத்தோடுதான் நேற்று டெஸ்டுக்குப் போனேன். உஷாவும் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். டயரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு குனிந்தார். முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்து, பின்பக்க ஸ்பிரிங் தொங்குகிற இடத்தில் ஓங்கி ஒன்று போட்டார். பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. உஷா என் முகத்தைப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. உதிர்ந்தது காய்ந்த சேறு. மறுபடியும் அடித்தார். கோயில் மணி மாதிரிச் சத்தம் வந்தது.

அவர் டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தார், விரலை விட்டு எடுத்து முகர்ந்தார், சிரித்துவிட்டார்.

"மீனெண்ணயா? இத்ர பழைய வண்டிக்கு இத்ர நல்ல சேஸிஸ் ஞான் கண்டிட்டில்ல. இதாரா செய்தது?" இவ்வளவு நல்ல சேஸிஸைப் பார்த்ததே இல்லையாம், யார் செய்தது என்று கேட்டார்.

கரமனை வர்க்‌ஷாப் என்ற பதில் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உஷாவும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள், அவளும் அப்படித்தானே நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது, இனி யாருக்காக மறைக்க வேண்டும்?

"என் பார்யா. பேரு கமலம்" என்றேன். வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"அம்மாவா?" என்றாள் உஷா.  எல்லாவற்றையும் வழியில் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, வண்டி இருக்கட்டும்பா என்றாள்.

நீ கேட்டபடி இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. வருகிற மேடத்தில் கரமனைக்குப் போகமாட்டேன், நம் வீட்டு வாசலிலேயே, பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க டின்னைத் திறப்பேன். வைத்தி மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்கட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். இது என் ஆத்துக்காரி கமலம் தன் கையால் தொடங்கிய வேலை என்று சொல்வேன்.

என்றும்
உன் ஆத்துக்காரன்,
வலியசாலை.