விதைக் கம்பெனியின் நாலு மாதம்

செவ்வாய், இரவு.

வாடல் நோய் தாங்கும் தக்காளி விதைக்காக வத்தலக்குண்டில் ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்யும் கம்பெனியின் முதலாளி, கடன் கேட்டு இன்று எங்கள் வங்கிக்கு வந்தார். ஆராய்ச்சிச் செலவு முழுவதையும் கணக்கில் சொத்தாகக் காட்டியிருந்தார். அதைக் கழித்துப் பார்த்தேன். சொந்த முதலீட்டைப் போல மூன்று மடங்கு கடன் நின்றது.

"அம்புட்டு உழைப்பும் சொத்து இல்லையா மேடம்?" என்றார்.

"விதை விக்கட்டும் சார், அப்பறம் சேத்துக்கலாம். புதுசா பணமே வரலைன்னா எத்தன மாசம் சம்பளம் குடுப்பீங்க?"

விரல் விட்டு எண்ணினார். "நாலு மாசம். வேலை செய்றவங்களுக்கு இது தெரியாது."

கடன் தர இயலாது என்று எழுதினேன். எழுதியதில் தவறில்லை.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் மேடம். ரெண்டு பேரு கெளம்புறாங்க. மத்தவங்க இந்த அறுவடை வரைக்கும் இருக்கோம்னாங்க."

"நீங்க கேட்ட பிறகுதான் சொல்லணும்னு தோணுச்சு" என்று, கடன் மறுத்த எனக்கு நன்றி சொன்னார்.