ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுத மூன்று வாரமாக எனக்குக் கை வரவில்லை, இன்று வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனதிலிருந்து நடந்ததையெல்லாம் போனில் சொல்லியிருக்கிறேன், சொல்லாதது ஒன்று உண்டு, மனசுக்குள் நான் அவரைக் கைவிட்டிருந்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் நாற்காலிப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பாள், இவர் விழித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். உன் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, அண்ணனுக்கு இனி ஒன்றும் புரியப்போவதில்லை என்று வாசலில் நின்று சொன்னார், அது அப்பா காதில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை கட்டிலில் மாட்டியிருந்த அட்டையை இடது கையால் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அதில் அவருடைய நோயாளி எண் 510510. பேனாவையும் கொடுத்தேன், அட்டையின் பின்பக்கம் கோணல்மாணலாக 2, 3, 5, 7, 11, 13, 17 என்று எழுதினார். கிறுக்கல் என்று நர்ஸ் வாங்கப் போனாள், இவர் விடவே இல்லை. எனக்கு என்னவோ தோன்றி, போனில் ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போனேன், பதினேழால் பெருக்கியதும் 510510 வந்து நின்றது பாப்பா. நம்பாமல் மறுபடி பெருக்கினேன், அதேதான். முப்பது வருஷம் பல்சக்கரம் வெட்டினவர், எத்தனை பல் என்றாலும் அந்த எண்ணை எதெது வகுக்கும் என்று பார்த்துத்தானே மெஷினில் கை வைப்பார்.

அட்டையோடு பயிற்சிப் பெண்ணிடம் ஓடினேன். அவள் கணக்கில் கெட்டிக்காரி. இதெல்லாம் மேற்கொண்டு உடைக்க முடியாத பகா எண்கள், முதல் ஏழும் ஒன்றுகூட விடுபடாமல், எதுவும் இரண்டு தடவை வராமல் இருக்கின்றன, ஏழு வெவ்வேறு பகா எண்களால் வகுபடுகிற எண்களில் இதுதான் ஆகச் சிறியது என்று சொல்லிவிட்டு, "உள்ளுக்குள்ள தெளிவாதான் இருக்கார்மா. படத்தை விட்ருவோம், எண்ணையே பிடிச்சுக்குவோம்" என்றாள். அப்புறம் மூன்று நாள் எண்ணைச் சொல்லப் பார்த்து அவர் உதடு கோணியதுதான் மிச்சம். சனிக்கிழமை சித்தப்பா வந்திருந்தபோது, அப்பா அவரையே பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, "பத்தொம்போது... வகுக்காது" என்றார். பதினேழுக்கு அடுத்த பகா எண் அதுதான். சித்தப்பா அண்ணன் காலடியில் உட்கார்ந்து தேம்பிவிட்டார்.

கடைசிப் பரீட்சையை விட்டுவிட்டு வருவதாக எழுதியிருந்தாயே, வேண்டாம், எழுதி முடித்துவிட்டு வா. உன்னிடம் மறைக்க மாட்டேன், நடை இன்னும் வரவில்லை, என் பெயரும் வாயில் வரவில்லை, ஆறு மாதம் ஆகலாம் என்கிறார் டாக்டர். ஆனால் காலையில் எனக்கு முன்னால் எழுந்து பேனாவைத் தேடுகிறார். உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன், யோசித்து, "பெருசா ஒண்ணு" என்றார். நீ நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒரு பெரிய எண்ணாக அனுப்பு, லேசில் உடையாததாகப் பார். விடையைத் தனித்தாளில் எழுதி என் பெயருக்குப் போடு, அவர் கண்ணில் படக் கூடாது.

உன் அம்மா