கிராணி பதில் சொன்ன கண்

என் தங்கமான அண்ணனுக்கு,

நம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இன்னும் நல்லாத்தான் இருக்கிறான். முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும். சட்டைப் பையில் அதே பேனா, வாயில் அதே இங்கிலீஷ். துரை வீட்டு நாய் குரைத்தாலும் "யெஸ் சார்" சொல்லுகிற அதே வாய்.

உன் சாவுக்கு வந்திருந்தான். மாலையைப் போட்டுவிட்டு, கூடி நின்ற சனத்திடம், "நல்ல மனுஷன்லா. அந்தக் குடிதான் கெடுத்துருச்சு" என்றான். கள்ளுக்கடை வாசலைக்கூட மிதிக்காத உன் தலைமாட்டில் நின்று சொன்னான் அண்ணா! அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தான்.

உன் கண்ணுக்கு என்ன ஆனது என்று இந்தத் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? எழுபத்து நாலாம் வருஷம் நீ கவாத்து வெட்டும்போது தேயிலைக் குச்சி தெறித்து வலது கண்ணில் குத்தியது. புண் ஆறியது, கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. ஆனாலும் பார்வை இருந்தது, கொழுந்து லோரி ஓட்டினாய். வயதாகி இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகுதான் ஈப்போவில் ஒரு பெரிய டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனார்கள்.

நம் வழக்கம் தெரிந்ததுதானே. டாக்டரோ போலீசோ, கிராணிதான் பேசுவான், நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். கண்ணில் பழைய அடி உண்டா என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிராணி "நோ" என்றான். வேலையில் பட்ட அடி என்று தெரிந்தால் துரைக்குச் சங்கடமாம். துரை மனம் நோகக் கூடாது, உன் கண் போனால் போகட்டும்!

அந்த டாக்டருக்கு மலாய் தெரியாமலா இருக்கும்? நீயும் பிரிஞ்சாங் மார்க்கெட்டில் மலாயில் சண்டையே போடுவாயே. "மாத்தா இனி டூலு லூக்கா", இந்தக் கண்ணில் முன்பே காயம் என்று சொல்ல, உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நீ சொல்லவில்லை. விளக்கை அடித்துப் பார்த்த அந்த மகானும் தழும்பைக் கண்டுகொள்ளவில்லை. வெளிநாட்டிலிருந்து புதுசாக வந்த லென்ஸை யாருக்காவது வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. கிட்டவும் தெரியும், தூரமும் தெரியும், கண்ணாடியே வேண்டாம் என்றாராம். உனக்குப் பதிலாகக் கிராணி தலையாட்டினான்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் வெளிச்சமான அறையில் எழுத்துகளைப் படித்துக் காட்டினாய். அதோடு அவர் வேலை முடிந்தது. நம் தோட்டத்து மலைக்குத் திரும்பிப் பனியில் வண்டியை எடுத்த பிறகுதான் நம் கஷ்டம் தொடங்கியது. "தங்கச்சி, எதிர்ல ஒரு காரு வந்தா மூணு கெரெத்தாவா தெரியுது. லைட்ட சுத்தி வளையம் வளையமா இருக்கு" என்றாய். ரிங்லெட் வளைவில் லோரியை மண்மேட்டில் உரசிவிட்டாய்.

"கண்ணு பளிச்சுன்னு இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவன் தண்ணி போட்டுட்டு ஓட்டிருக்கான்" என்று கிராணி துரையிடம் சொன்னான். உன்னிடமிருந்து லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு பேக்டரி கூட்டத் துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

நான்தானே உன்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்? அந்த டாக்டரம்மா மலாயில் பொறுமையாகச் சொன்னார். தழும்பால் கருவிழி மேடுபள்ளமாகிவிட்டது, வெளிச்சம் நுழையும்போதே சிதறுகிறது. இந்த லென்ஸோ வெளிச்சத்தைக் கிட்டத்துக்குக் கொஞ்சம், தூரத்துக்குக் கொஞ்சம் என்று பிரிக்கிறது. சிதறி வருவதைப் பிரித்தால் இரண்டுமே கலங்கும், பனியில் இன்னும் மோசம். இந்தக் கண்ணுக்குச் சாதாரண லென்ஸும் ஒரு மூக்குக்கண்ணாடியும் போதுமே, அடிபட்டதைச் சொல்லவில்லையா என்று கேட்டார். இனி எடுத்து மாற்றுவது ஆபத்து என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் நீ கேட்டது ஒன்றுதான். "நான் குடிக்கலன்னு இப்ப தெரிஞ்சிச்சில்ல?"

கண் போனதைவிட அதுதான் உனக்குப் பெரிதா? அப்படியென்றால் ஏன் என்னிடம் மட்டும் சொன்னாய்? மறுநாள் கிராணியைக் கண்டதும் துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு சலாம் போட்டாயே. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது நாம் குடியிருக்கும் லயத்துக் காளியம்மாவுக்குப் புரை. உரம் தெறித்து முன்பே வெந்த கண் அது. நாளைக்கு ஈப்போவுக்குப் போக வேண்டும், அதே டாக்டரிடம். "நீ சும்மா நில்லு, நான் பேசிக்கிறேன்" என்று கிராணி காளியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வண்டியில வாங்க கிராணி ஐயா, வேணாங்கல. உள்ள அது கண்ணுக்கு அதுவே பேசும். அதுக்கு நாக்கு எழும்பலன்னா நான் பேசுறேன்லா."

"வாயாடி" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். போகட்டும்.

காளியம்மா பேசி முடித்ததும் நான் வெளியே வந்துவிட மாட்டேன் அண்ணா. உன் கண்ணில் இந்தத் தோட்டத்துக் குச்சி குத்தியதையும், இவன் இல்லையென்று சொன்னதையும், அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே டாக்டரிடம் மலாயில் சொல்லுவேன். என் அண்ணன் ஒரு நாளும் குடித்ததில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
லயத்து வாயாடி